ஷிப்ட் முடிவதற்குள் எழுதிய தலைப்பு

கைப்பேசியிலேயே படித்து, கைப்பேசியிலேயே எழுதி, கைப்பேசியிலேயே செய்தியை ஏற்றுகிறவர்களுக்கு உதவும்படி சில குறிப்புகள் எழுதித் தரச் சொல்லி அலுவலகக் குரூப்பில் கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேலை வைப்பதென்றால் உங்களுக்கு என்ன குஷி! சரி, எழுதுகிறேன். ஆனால் பட்டியல் போட மாட்டேன். பட்டியலாகக் கொடுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு ஒருநாளும் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். நானும் அப்படி நிறைய சேர்த்து வைத்தவள்தான்.

நம் இணையதளத்தின் ஆம்பூர் அலுவலகத்தை நீங்கள் இப்போது கண்ணாடிக் கதவோடும் ஏசியோடும் பார்க்கிறீர்கள். நான் சேர்ந்தபோது அது தோல் பதனிடும் ரசாயனம் விற்கிற ஒரு கடையின் மாடியில் ஓர் அறை. அதற்கு முன்பு நான் பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அந்த ரசாயனக் கடையின் மாடிப்படி ஏறும்போதே மூக்கு எரியும். ஒரு கம்ப்யூட்டர், அதற்கு இரண்டு பேர். செய்தியாளரும் புகைப்படக்காரரும் ஆன வில்சன் ஒருவர், நான் ஒருத்தி. கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் போய்விடும் என்பதால் கைப்பேசிதான் எங்கள் அலுவலகம். சிக்னல் ஜன்னலோரம் மட்டுமே கிடைக்கும். யார் ஜன்னலோரம் உட்காருவது என்று எங்களுக்குள் தினமும் சண்டை நடக்கும். அத்தனை சந்தோஷமாக நான் வேறெங்கும் வேலை பார்த்ததில்லை.

அந்த அறையில் கற்ற முதல் பாடம், செய்தியைத் தளத்தில் ஏற்றும் பெட்டிக்குள் நேராக எழுதக் கூடாது என்பது. வில்சன் ஒருமுறை பாலாற்று மணல் பிரச்சினையைப் பற்றி மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, பெட்டிக்குள்ளேயே எழுதினார். முடிக்கிற நேரம் பார்த்து அவர் மனைவி போன் செய்தார். பேசிவிட்டுத் திரும்பினால் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு வெள்ளையாக நிற்கிறது. அவர் மனைவி கேட்டது தக்காளி வாங்கி வரச் சொல்லி. அன்றைக்கு அவர் வீட்டில் தக்காளி இல்லாத குழம்புதான். கைப்பேசியில் குறிப்பு எழுத ஒரு செயலி இருக்கும். அதில் எழுதி முடித்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அப்புறம் நகலெடுத்து ஒட்டுங்கள்.

பேசினால் எழுத்தாகிற வசதி வந்ததும் வில்சனுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கலெக்டர் கூட்டத்துச் செய்தியைப் போனிடம் உரக்கச் சொன்னார். எனக்கு வந்து சேர்ந்த செய்தியில் மனு அளித்த பொதுமக்களுக்கு நடுவே, "மாஸ்டர் ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி" என்று இருந்தது. நல்லவேளை, நான் படித்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவள். குரலில் எழுதுவது நல்ல வசதிதான், ஆனால் சுற்றி யார் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

குழந்தை கடத்துகிறார்கள் என்ற வதந்தி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலம். அன்று காலை ஒரு ஃபார்வர்டு வந்தது. இரண்டு படங்கள், ஒரு குரல் பதிவு. முதல் படத்தில் ஒரு பெண், தோளில் பெரிய கோணி, பக்கத்தில் அவள் விரலைப் பிடித்தபடி ஒரு குழந்தை. இரண்டாவது படத்தில் வாயைக் கட்டிக் கிடத்தியிருக்கும் வேறொரு குழந்தை. குரல் சொன்னது இதுதான்: நெமிலிப் பக்கம் குழந்தையைக் கோணியில் போட்டுக் கடத்துகிற பெண் இவள், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள், பார்த்தால் விடாதீர்கள். கம்பெனி இருக்கும் சாலையின் பெயரையும் சொன்னது.

வேலூர் டெஸ்கில் இருந்த செய்தி ஆசிரியர் உடனே கூப்பிட்டு, விசாரித்து எழுதச் சொன்னார். நாங்கள் ஆரம்பிப்பதற்குள் அலுவலக எண்ணுக்கு ஒரு போன் வந்தது. நம் தளத்தின் அடியில் இருக்கிற எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள் ஒரு பெண்.

"மேடம், அந்த போட்டோல இருக்கறது எங்க அம்மா. பேரு சுகுணா. அவங்க யாரையும் கடத்தல மேடம். கம்பெனிக்குள்ள இருக்காங்க, போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்குது."

அவள் வேலூரில் நர்சிங் படிக்கும் மகள். சொந்த ஊர் விரிஞ்சிபுரம். நான் கேட்கக் கேட்க அழாமல் பதில் சொன்னாள். அம்மா வார நாட்களில் ஷூ கம்பெனியில், வரிசையாக உட்கார்ந்து தைக்கும் லைனில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோலைக் கோணியில் எடுத்துக்கொண்டு போய், வீட்டிலிருந்து கையால் தைத்துத் தரும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு வருவார். போன ஞாயிறு முதல்முறையாக நெமிலிக்கு அருகே ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறார். விரலைப் பிடித்திருப்பது தைக்க ஒப்புக்கொண்ட வீட்டுக் குழந்தை. பஸ் நிறுத்தம் வரைக்கும் வழி காட்ட வந்திருக்கிறது. அங்கே நின்றவர்கள் கேட்டதற்கு எந்தக் கம்பெனி என்றும் அம்மா சொல்லியிருக்கிறார்.

"கம்பெனிக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணேன் மேடம். உள்ள சொன்னா லைனே நின்னுடும், ஷிப்ட் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு வெச்சிட்டாங்க. கேட்டாண்ட ஆளுங்க சேர்றாங்களாம். எனக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல."

வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஷூ கம்பெனிகள் பலவற்றில் தொழிலாளிகள் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டுக்குப் போகிற புது மாடலை யாரும் படம் எடுத்துவிடக் கூடாதாம். கேட்டில் செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள், ஷிப்ட் முடிந்து டோக்கனைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அன்று அந்தப் பெண் உள்ளே ஷூ தைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரில் அது தெரியாத ஒரே ஆள் அவள்தான். சாயங்காலம் அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவள் வர வேண்டும். அங்கே தப்பித்தாலும் கம்பெனி பஸ்ஸில் ஊர் போய்ச் சேர வேண்டும், ஊரில் நாளைக்கும் இருக்க வேண்டும்.

வில்சன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோணியின் வாயில் கறுப்புத் தோல் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

"பாருங்க மேடம், இது அப்பர் கோணிதான். எங்க தெருவுல வீட்டுக்கு வீடு கீது. இதைப் போய் எவன் கடத்தல்னு நம்பறான்?"

"எல்லாரும்தான் நம்பறாங்க, வில்சன். நம்ம ஆம்பூர்க்காரங்களே நம்பறாங்க."

எனக்கு அன்று முழுக்க ஆறாதது இதுதான். நெமிலிப் பக்கம் விவசாய ஊர், அவர்கள் அந்தக் கோணியைப் பார்த்திருக்க மாட்டார்கள், சந்தேகப்பட்டது கூடப் புரிகிறது. ஆனால் ஆம்பூரில் தன் மனைவியும் அக்காவும் அதே கோணியிலிருந்து தோலை எடுத்துத் தைப்பதைத் தினமும் பார்க்கிறவர்கள், ஒரு குரல் சொன்னதும் கோணியைப் பார்க்கவே மறந்துவிட்டார்கள். காதில் விழுந்ததைத்தான் கண்ணும் பார்த்தது. செய்திக்காரர்களான நமக்கும் இது நடக்கும். அதனால் ஃபார்வர்டு வந்தால் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்.

இரண்டாவது படத்தைத் தேடுவது என் வேலை. படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் வசதி அப்போது கைப்பேசியில் நேரடியாகக் கிடைக்காது. பிரவுசரின் மூன்று புள்ளி மெனுவில் 'டெஸ்க்டாப் தளம்' என்பதைத் தட்டி, கம்ப்யூட்டர் என்று அதை நம்ப வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கங்களில் படம் வராமல் நிறுத்தி வைத்து, தேவையானதை மட்டும் திறந்தேன். ஒரு வடமாநில மொழிப் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. மொழிபெயர்க்கச் சொல்லி, 'பக்கத்தில் தேடு' என்பதைத் தட்டி, குழந்தை என்ற சொல்லைப் போட்டுத் தேடினேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வுக்காகப் பல வருடம் முன்பு எடுத்த குறும்படத்தின் காட்சி அது. நடித்த குழந்தை இயக்குநரின் மடியில் உட்கார்ந்து சிரிக்கும் படமும் அதே பக்கத்தில் கீழே இருந்தது. அந்தப் பக்கத்தைப் போனிலேயே சேமித்து வைத்தேன். நாளைக்கே அது காணாமல் போகலாம் அல்லவா.

இதற்குள் வில்சன் நெமிலிக் காவல் நிலையத்தில் பேசிவிட்டார். குழந்தையைக் காணோம் என்று ஒரு புகாரும் இல்லை. மகள் கொடுத்த எண்ணில் அந்தக் கிராமத்துத் தாயிடமும் பேசினோம். "எம்புள்ள எங்கயும் போல மேடம், இதோ பக்கத்துல உக்காந்து சோறு துன்னுது" என்றார் அவர். குழந்தையைப் படம் எடுத்து அனுப்பவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு முகம் சுற்றுவதே போதும்.

உண்மை கையில் வந்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் செய்தி ஆசிரியருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. அவர் வைத்திருந்த தலைப்பு, 'ஆம்பூர் பெண் குழந்தை கடத்தல்காரியா? பரவும் படத்தின் பின்னணி என்ன?' என்பது. மேலே சுகுணாவின் முகம்.

"முகம் போடலைன்னா நாம எந்தப் படத்தைச் சொல்றோம்னு ஜனங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை மறுக்கவில்லை.

"கோணியைப் போடலாம் சார். கோணியைப் பாத்தா போதும், ஆம்பூருக்குத் தெரியும். முகத்தைப் பாத்தவங்க ஏற்கெனவே பாத்துட்டாங்க. பாக்காதவங்களுக்கு நாம எதுக்குக் காட்டணும்?"

"தலைப்பு?"

"கேள்விக்குறி வேணாம் சார். கேட்டாண்ட நிக்கறவன் சுட்டியைத் திறந்து படிக்க மாட்டான். கூட்டத்துல சிக்னலும் இருக்காது. குரூப்ல முன்னோட்டமா என்ன தெரியுதோ, தலைப்பு, முதல் வரி, சின்னப் படம், அது மட்டும்தான் அவனுக்குச் செய்தி. அதுல 'கடத்தல்காரியா'ன்னு இருந்தா அடிச்சிட்டுத்தான் மீதியைப் படிப்பான்."

அவர், "நீயே எழுதி ஏத்தும்மா. சீக்கிரம்" என்றார். இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலெல்லாம் அந்தச் 'சீக்கிரம்'தான் பெரிதென்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வில்சன் பக்கத்துத் தெருவுக்கு ஓடி, ஒரு வீட்டு வாசலில் பாதி தைத்த அப்பரையும் பக்கத்தில் வாய் திறந்து கிடந்த கோணியையும் படம் எடுத்து வந்தார். நான் எழுதிய தலைப்பு: 'நெமிலியில் எந்தக் குழந்தையும் காணாமல் போகவில்லை, படத்தில் உள்ள பெண் ஷூ தைக்கக் கொடுக்கும் தொழிலாளி.' முதல் வரி: 'அவர் கோணியில் இருந்தது ஷூ தோல், அவர் விரலைப் பிடித்திருந்த குழந்தை தன் வீட்டில் தாயுடன் இருக்கிறது.' அதற்குக் கீழே போலீஸ் சொன்னது, தாய் சொன்னது, குறும்படத்தின் கதை. சுகுணாவின் பெயரை எழுதவில்லை, ஊரையும் எழுதவில்லை. குறிப்புச் செயலியில் எழுதி, வாய்விட்டுப் படித்து, ஒட்டி ஏற்றினேன்.

இங்கேதான் நீங்கள் உங்கள் கையிலேயே பச்சை குத்திக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று வருகிறது. எந்தச் சுட்டியையும் பிறருக்கு அனுப்பும் முன் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். நான் மட்டுமே உறுப்பினராக ஒரு குரூப் வைத்திருந்தேன். "மேடம் தனியா குரூப் ஆரம்பிச்சி அதுல தனியா பேசறாங்க" என்று வில்சன் கிண்டல் செய்வார். அன்று அந்தக் குரூப்பில் சுட்டியை ஒட்டினேன். முன்னோட்டத்தில் வந்து நின்றது சுகுணாவின் முகம்.

பக்கத்தைத் திறந்தால் கோணிப் படம் சரியாக இருக்கிறது. முன்னோட்டத்தில் முகம். விசாரித்தால், காலையில் வேலூரில் அவசரத்தில் அந்த முகப் படத்தோடு பக்கத்தை ஒருமுறை ஏற்றி, குரூப்பில் ஒட்டிப் பார்த்துவிட்டு நீக்கியிருக்கிறார்கள். நான் எழுதியதும் அதே சுட்டியில்தான் ஏறியிருந்தது. பக்கத்தில் படம் மாறினாலும், ஒருமுறை பார்த்த பழைய படத்தை முன்னோட்டம் விடாமல் பிடித்து வைத்திருந்தது. நான் பார்க்காமல் அனுப்பியிருந்தால், அவளைக் காப்பாற்ற எழுதிய செய்தியே அவள் முகத்தைக் கேட்டுக்குக் கொண்டுபோயிருக்கும்.

இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. சுட்டியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்தால், திறக்கும் பக்கம் அதேதான், ஆனால் முன்னோட்டம் அதைப் புதுச் சுட்டி என்று நினைத்துக்கொண்டு படத்தை மறுபடி எடுத்து வரும். சேர்த்து ஒட்டினேன். கோணி வந்தது. தலைப்பில் வேண்டாம் என்று நான் துரத்திய கேள்விக்குறியை அன்றைக்குக் கும்பிடத்தான் தோன்றியது.

அந்தச் சுட்டியை ஆம்பூர், நெமிலி, விரிஞ்சிபுரம் என்று எங்களுக்குத் தெரிந்த எல்லாக் குரூப்பிலும் போட்டோம். மகளுக்கும் அனுப்பினேன். பிறகு வில்சனின் வண்டியில் கம்பெனி கேட்டுக்குப் போனோம்.

கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் வழி விடச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார்கள். ஆனால் சத்தம் இல்லை. எல்லோரும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் சுட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்னோட்டம் மட்டும் தெரிந்தது. அதையே உற்றுப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் காட்டினார்.

"டேய், இது நம்ம வூட்டு கோணிடா. எங்கம்மா இதுலதானே தைக்கறதுக்கு எடுக்குது."

"அட ஆமாண்டா. சும்மா பேஜார் பண்ணிட்டானுங்க. வா போலாம்."

அவர்கள் போனார்கள். இன்னும் சிலர் போனார்கள். வேடிக்கை பார்ப்பதற்காகவே வந்தவர்கள் மட்டும், வந்ததற்கு ஏதாவது நடக்காதா என்று நின்றார்கள். கையில் கட்டையோடு வந்திருந்த ஒருவர் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சங்கு ஊதியது. கேட் திறந்தது. பெண்கள் வரிசையாக டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். சுகுணாவை நான் முகத்தை வைத்தே கண்டுபிடித்தேன். அன்று ஊரே அப்படித்தான் கண்டுபிடித்திருக்கும். கூட்டத்தைப் பார்த்ததும் அவள் நின்றாள். பக்கத்தில் நின்றது அந்தக் கட்டைக்காரர்தான், அவரிடமே கேட்டாள்.

"இன்னாண்ணே, யாருக்கு இன்னா ஆச்சு? யாருக்காச்சும் அடிபட்டிடுச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு விலகி நடந்தார்.

நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரென்று சொல்லிவிட்டு, "போனை ஆன் பண்ணாதீங்கம்மா. முதல்ல நான் சொல்லிடறேன்" என்றேன். கம்பெனி பஸ்ஸின் படியில் உட்கார வைத்துச் சொன்னேன். சில விஷயங்களைப் போன் சொல்வதற்கு முன்னால் மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் எவ்வளவு வேகமாக எழுதினாலும் இதை மறக்காதீர்கள். அவள் அழவில்லை. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த தன் லைன் பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எம்பொண்ணு பாத்துட்டாளா?" என்று மட்டும் கேட்டாள்.

பார்த்துவிட்டாள் என்றேன்.

சுகுணா போனை ஆன் செய்தாள். திரையைப் பார்க்காமலே என்னிடம் நீட்டி, "நீங்களே படிங்க மேடம்" என்றாள். மகளிடமிருந்து காலையிலிருந்து வந்தவை ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்தன. 'அம்மா வெளிய வராதே.' 'அம்மா ப்ளீஸ் கேட்டாண்ட வராதே.' 'அம்மா உள்ளயே இரு.' 'வராதேம்மா.' திரை நிறைந்து, நான் மேலே தள்ளத் தள்ள அதுவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் நாங்கள் அனுப்பிய சுட்டி, கோணிப் படத்தோடு. அதற்குக் கீழே இரண்டே சொல் எழுதியிருந்தாள்.

'இப்போ வாம்மா.'